இதயத்தின் பின்பக்கம்

திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

மூதூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 17 வருடமாக மனித இதயத்தைக் கரும்பலகையில் கீறி வருகிறேன். 17 வருடமாகப் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். படத்தில் வலது கைப்பக்கம் இருக்கிற அறைக்கு இடது இதயவறை என்று பெயர் எழுதுவேன். எங்களைப் பார்த்து நிற்கிற ஓர் ஆளின் இதயம் இது, அவருடைய இடது எங்களுக்கு வலது என்று விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது பார்த்தால் பாதிப் பேர் மாற்றிக் குறித்திருப்பார்கள்.

போன வருடம் அதிபரிடம் அனுமதி கேட்டு என்னுடைய போனை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அச்செடுத்த ஒரு படத்தை அட்டையில் ஒட்டி மேசையில் வைத்து, கமராவை அதன் மேல் பிடித்தேன். திரையில், அட்டைக்கு மேலே ஓர் இதயம் எழுந்து நின்று துடித்தது. போனை வாங்கிய பிள்ளை அதையே பார்த்தபடி மெல்ல மேசையைச் சுற்றி நடந்தாள். மறுபக்கம் போனதும், "டீச்சர், இதுக்குப் பின்பக்கமும் இருக்கு" என்றாள்.

பாடப்புத்தகத்தில் இதயத்துக்குப் பின்பக்கம் கிடையாது. நுரையீரலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் 4 நாளங்களும் இடது சோணையறை என்ற மேலறைக்குள் நுழைவது அந்தப் பின்பக்கத்தில்தான். புத்தகப் படத்தில் அவற்றின் நுனி மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு பையனை எழுப்பி, அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். இதயம் அவனுடைய வெள்ளைச் சட்டையின் மேல் வந்து நின்றது. இடது இதயவறை அவனுடைய இடது கைப்பக்கம் இருந்தது. அன்றைக்கு "அவருடைய இடது, எங்களுடைய வலது" என்று நான் சொல்லவே வேண்டி வரவில்லை.

அந்த 40 நிமிடப் பாடவேளையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழினுட்பத்துக்கு ஓக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். ஏ.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறோம். கண்முன்னால் இருக்கிற உலகத்தை அப்படியே இருக்க விட்டு, அதன் மேல் கணினி ஒரு படத்தையோ எழுத்தையோ உருவத்தையோ பொருத்தி வைக்கிறது. 1997-இல் ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் இதற்கு மூன்று நிபந்தனை சொன்னார். மெய்யான பொருளும் கணினியின் உருவமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். நாம் அசையும்போதே அதுவும் அசைவுக்கேற்ப மாற வேண்டும். முப்பரிமாணத்தில், வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்றாவதுதான் உயிர். சுற்றி நடந்தால் பின்பக்கம் தெரிய வேண்டும், கிட்டப் போனால் பெரிதாக வேண்டும். அந்தப் பிள்ளை மேசையைச் சுற்றி நடந்தது அதனால்தான்.

இதையும், கண்முன் இருப்பதை மறைத்து முழுக்கக் கணினி செய்த உலகத்தைக் காட்டும் வீ.ஆர். எனப்படும் மெய்நிகர் உலகத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்துக்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஒரு குழு, நான் அப்போது இருந்த பாடசாலைக்கு வந்தது. கண்ணை முழுக்க மூடுகிற ஒரு தலைக்கவசம் கொண்டுவந்தார்கள். ஒன்றே ஒன்று. மண்டபத்தில் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு அரை நிமிடம் மாட்டிவிட்டார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். மாட்டிய பிள்ளை என்ன பார்க்கிறது என்று நான் பார்க்க முடியாது. நான் எதைக் காட்டுகிறேன் என்று பிள்ளை பார்க்க முடியாது. படம் எடுத்தார்கள், போனார்கள். அதைத் தொழினுட்பக் கல்வி என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். கவசம் நல்ல பொருள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பறையில் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் என்னால் படிப்பிக்க முடியாது. ஏ.ஆர். முகத்தை மூடுவதில்லை. ஒரு போனைச் சுற்றி நான்கு பேர் தலையைச் சேர்த்து நின்று, விரலால் காட்டிச் சண்டை பிடித்துப் படிக்கலாம்.

இது விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிற பெற்றோருக்கு அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்த் என்பவர், கண்முன்னால் இருப்பதன் மேலேயே கணினிப் படத்தைக் காட்டுகிற, தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். கருவியைக் கூரையோடு இணைத்துத் தொங்கவிட்டுத்தான் மாட்ட முடிந்தது. பெயர் வந்தது 1990-களின் தொடக்கத்தில், போயிங் விமானத் தொழிற்சாலையில். விமானத்துக்குள் போகிற வயர்க் கட்டுகளை முதலில் பெரிய பலகைகளில் வரைந்த வழியே ஒவ்வொன்றாக வைத்துக் கட்டுவார்கள். வழிகாட்டும் தாளைப் பார்ப்பதும், கையை எடுப்பதும், மறுபடி தேடுவதுமாக வேலை இழுபட்டது. அடுத்த வயர் எங்கே போக வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்ணுக்கு நேரே, பலகையின் மேலேயே காட்டினால் என்ன என்று டொம் கோடெலும் டேவிட் மிசெலும் யோசித்தார்கள். கை வேலையில் இருக்கிற ஒருவருக்கு, வேலை நடக்கிற இடத்திலேயே விளக்கம் கொடுப்பது. ஆசிரியர் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான யோசனை என்ன இருக்கிறது?

போனுக்கு மேசை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி இது. கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது யன்னலால் பாருங்கள் என்றேன். பாலத்தின் கைப்பிடி பறந்து ஓடும், தூரத்து மலை நகரவே மறுக்கும். கிட்ட இருப்பது கூட நகர்கிறது, தூர இருப்பது குறைய நகர்கிறது. போனும் இதைத்தான் பார்க்கிறது. செக்கனுக்கு 30 தடவை அளவில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூலை, விளிம்பு, புள்ளி என்று எளிதில் அடையாளம் காணக்கூடிய இடங்களைப் பொறுக்கிக்கொள்கிறது. அடுத்த படத்தில் அவை எவ்வளவு விலகின என்று பார்த்து, எது எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. கூடவே போனுக்குள் ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறும் வீதத்தை, அளக்கிற ஒரு சிறு சில்லும் (சிப்), எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அளக்கிற ஜைரோஸ்கோப்பும் இருக்கின்றன. கமரா மட்டும் என்றால் வேகமாக அசைத்தவுடன் படம் கலங்கி வழி தவறும். சில்லுகள் மட்டும் என்றால் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து இதயம் மேசையிலிருந்து மெல்ல வழுக்கிப் போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. தரம் 10-இல் ஆர்முடுகலுக்கு வரைவிலக்கணம் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அது தன் கையில் இருக்கிற போனுக்குள் வேலை செய்கிறது என்று சொன்னபோது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த விளக்கத்திலிருந்து ஒரு கைவேலையும் வருகிறது. வெள்ளைச் சுவரும் மினுக்குகிற சீமெந்துத் தரையும் இதற்கு ஆகாது, பிடித்துக்கொள்ள அவற்றில் புள்ளியே இல்லை. அட்டை இல்லாமல் எங்கள் வகுப்பறைத் தரையிலேயே நிறுத்திப் பார்த்த முதல் நாள் எதுவுமே நிற்கவில்லை. கோலம் போட்ட பழைய பாய் ஒன்றை விரித்து, நாலு கொப்பியை அங்கும் இங்குமாகப் போட்டேன். நின்றது.

தரையைத் தானாகக் கண்டுபிடிக்கும் இந்த வகை ஏ.ஆர். 2017-இல் அப்பிளும் கூகுளும் இதற்கான தங்கள் மென்பொருள்களை வெளியிட்ட பிறகுதான் சாதாரண போன்களுக்கு வந்தது. விலை குறைந்த பல போன்களில் ஜைரோஸ்கோப் இருக்காது, அவற்றில் இந்த வகை ஓடாது. அதற்காக மனம் சோர வேண்டியதில்லை. அட்டையில் ஒட்டிய படத்தைக் கமரா அடையாளம் கண்டு, அதன் மேல் உருவத்தை நிறுத்துகிற பழைய வகை இருக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகாசு காத்தோ இதற்கான மென்பொருளைச் செய்து, யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார். இன்று அதே வழியில் இணைய உலாவியிலேயே ஓடுகிற இலவசக் கருவிகள் உண்டு. ஓரளவு நல்ல கமரா இருந்தால் போதும். என்னுடைய இதயம் இந்த வகைதான்.

ஜீ.பி.எஸ். வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வகையும் உண்டு. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழைக்கும் என்பதால் வகுப்பறைக்கு உதவாது.

நான் கண்ணால் காணவேண்டும் என்று ஆசைப்படுகிற வகை வேறு. அதில் போனே இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒரு மணல் பெட்டி செய்தார்கள். மேலே ஆழம் அளக்கும் கமரா ஒன்றும் புரொஜெக்டர் ஒன்றும். பிள்ளைகள் கையால் மணலைக் குவித்தால், அந்தக் குவியலின் மேலேயே, ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் ஒளியாக விழும். மலையைத் தட்டிவிட்டால் கோடுகள் விலகும், கிடங்கு தோண்டினால் நெருங்கி நீலமாகும். மென்பொருள் இலவசம். புவியியல் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும், சமவுயரக் கோடு என்ற ஒன்றை விளங்கவைக்க எத்தனை சோக்கட்டி கரைகிறது என்று. மணலுக்கு நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் கொட்டியாரக் குடாவையே கையால் செய்யலாம். மகாவலி வந்து விழுகிற இடம், உள்துறைமுகம், குடாவுக்குள்ளேயே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிற அந்தப் பள்ளத்தாக்கு. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று வாயால் சொல்லிக்கொடுக்கிறோம். அது ஏன் இவ்வளவு ஆழம் என்று அவர்கள் விரலால் தோண்டிப் பார்க்கட்டும். மாவட்டத்துக்கு இப்படி ஒரு பெட்டி இருந்தால் கூடப் போதும், பாடசாலைகள் முறை வைத்துக்கொள்ளும்.

அளவு என்ற விடயத்திலும் இது செய்கிற உதவி பெரிது. எங்கள் கடலில் நீலத் திமிங்கிலம் வருகிறது. கடலுக்குப் போகிற தகப்பன்மார் அதன் முதுகைப் பார்த்திருக்கிறார்கள், மூச்சு விடுகிற நீர்த்தூணைப் பார்த்திருக்கிறார்கள். முழு உடம்பை யாரும் பார்ப்பதில்லை. புத்தகத்தில் அது உள்ளங்கையளவு. 25 மீட்டர்த் திமிங்கிலம் ஒன்றை அதே அளவில் விளையாட்டு மைதானத்தில் நிறுத்தினால், 20 மீட்டர் நீளக் கிரிக்கெட் ஆடுகளம் முழுக்க அடங்கி, வால் இன்னும் வெளியே நீண்டு கிடக்கும். பிள்ளை அதன் தலையிலிருந்து வால்வரை நடந்து பார்க்கலாம்.

வகுப்புக்கு வெளியே இது ஏற்கனவே எங்கள் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது என்பதையும் சங்கத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் எழுதி வருகிற கடிதத்தின் மேல் போன் கமராவைப் பிடித்து, எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் எழுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2010-இல் வேர்ட் லென்ஸ் என்ற பெயரில் தொடங்கி 2014-இல் கூகுள் வாங்கிக்கொண்ட யோசனை அது. ஏ.ஆர். தான். மொழிபெயர்ப்பு அரைகுறையாக வரும், ஆகவே காணி, வழக்கு என்று வருகிற கடிதங்களைக் கட்டாயம் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆனால் என்ன விடயம் என்றாவது உடனே தெரிகிறதே, எங்கள் மாவட்டத்தில் அது சின்ன உதவியா? ஊசி போட நாளம் அகப்படாத குழந்தைகளுக்கு, தோலின் மேலேயே நாளங்களின் படத்தை ஒளியாகக் காட்டுகிற கருவி உண்டு. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் என்ற செந்நிறப் பொருள், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை உறிஞ்சுவதால் நாளம் இருக்கும் இடம் கருவியின் கமராவுக்குக் கருமையாகத் தெரிகிறது, அந்தப் படத்தைக் கருவி அதே இடத்தில் திருப்பி வீசுகிறது. நாளை இவற்றைச் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் எங்கள் பிள்ளைகளாக இருக்கலாம்.

பழைய மாணவர் சிலர் என்னிடம், அப்படியானால் 1622-இல் போர்த்துக்கேயர் இடிப்பதற்கு முன் இருந்த கோணேஸ்வரம் கோவிலை, அது நின்ற எங்கள் சுவாமி மலையில் எழுப்பிக் காட்டலாமே என்று ஆசையோடு கேட்டார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்தக் கோவில் இப்படித்தான் இருந்தது என்று அளந்து சொல்ல எங்களிடம் போதிய சான்று இல்லை. ஏ.ஆரில் ஊகம் கூட மெய்யாகத் தெரியும், அதுதான் அதன் பலமும் ஆபத்தும். வரலாறு என்றாலே மனங்கள் கொதிக்கிற எங்கள் ஊரில் ஒரு கற்பனைக் கோபுரம் யாருக்கும் நன்மை செய்யாது. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். அப்படிக் கிடைத்த கல்லை, உரிய அனுமதியோடு எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, உள்ளது உள்ளபடி முப்பரிமாணமாக்கிப் பிள்ளையின் மேசையில் வைக்கலாம். அதற்கு நான் முதல் ஆளாக வருவேன்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். மொழி. கிடைக்கிற நல்ல உருவங்களில் பெயர்கள் அநேகமாக ஆங்கிலத்தில்தான். தமிழில் நானே எழுதலாம் என்று விளையாட்டுகள் செய்யப் பயன்படும் ஒரு மென்பொருளை எடுத்து, இரவிரவாக இருந்து செய்தேன். "சோணையறை" என்று எழுதினால் சிதைந்து வந்தது. ணை, றை இரண்டிலும் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. என் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். இப்படிப்பட்ட மென்பொருள்கள் சில, எழுத்துகளை வந்த ஒழுங்கிலேயே அடுக்கிவிடும். குறியை முன்னால் நகர்த்த வேண்டிய எழுத்துமுறைகளை அவை கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் ஒவ்வொரு பெயரையும் தனியாக எழுதிப் படமாக மாற்றி ஒட்டினேன். இணைய உலாவி வழியாகச் செய்து, பெயர்களைத் திரையின் ஓரத்தில் சாதாரண எழுத்தாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அடுத்த ஆசிரியருக்கு மூன்று நிமிடத்தில் நான் சொல்லிவிடுவேன், நாங்கள் சந்திக்க ஓர் இடம் இருந்தால்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். ஆசிரியரின் பொறுப்பில், ஆய்வுகூட அலுமாரியில் பூட்டி வைக்கிற நாலைந்து போன்களுக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். வாய்மொழி அனுமதி அதிபர் மாறியதும் போய்விடும். சிம் வேண்டாம், பழைய மாணவர் சங்கங்கள் கைமாறிய போன்களைத் தரலாம், திரையில் கீறல் இருந்தாலும் கமரா வேலை செய்தால் சரி. அப்புறம், மாதத்தில் ஒரு பின்னேரம் விஞ்ஞான, புவியியல், தகவல் தொழினுட்ப ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து தமிழில் பாடம் செய்ய ஆசிரியர் மத்திய நிலையத்தில் ஒரு அறை. மாணவர்களுக்கும் அதில் இடம் வையுங்கள், பெயர் எழுதுகிற வேலையை அவர்கள் எங்களைவிட வேகமாகச் செய்வார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும், அந்நாட்டின் அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியனும் முப்பரிமாண உருவங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. பெயரும் விளக்கமும் குரலும்தான் நாங்கள் சேர்க்க வேண்டியவை. செய்ததை வலயத்தில் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், இணையம் எட்டாத பாடசாலைக்கும் பென் டிரைவில் கொடுத்து அனுப்பலாம்.

யாராவது பெரிய தொகைக்கு ஸ்மார்ட் வகுப்பறை விற்க வந்தால், பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். எங்கள் பாடத்திட்டத்தின் எந்த அலகு இதில் தமிழில் இருக்கிறது? இணையம் இல்லாமல் ஓடுமா? பெயரை நாங்களே மாற்ற முடியுமா? கமராவில் விழுகிற பிள்ளைகளின் முகம் எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது என்பதையும் மறக்காமல் கேளுங்கள், என் கண்ணில் அது விலையைவிட முக்கியம்.

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்த பென்சிலும் தாளும்தான் சரியான கருவி. மெய்யான தவளையையும் பூவையும் வெட்டிப் பார்க்க முடிகிற இடத்தில் போனை எடுப்பது பாவம். உள்ளே, பின்னே, மிகப் பெரிதாக, மிகச் சிறிதாக இருப்பதைக் காட்டத்தான் நான் எடுக்கிறேன், அதுவும் 10 நிமிடத்துக்கு மேல் இல்லை. திரையைப் பார்த்தபடி நடக்கிற பிள்ளை காலடியைப் பார்க்காது. 2016-இல் போக்கிமொன் கோ என்ற ஏ.ஆர். போன் விளையாட்டு வந்தபோது உலகமெங்கும் ஆட்கள் திரையைப் பார்த்தபடி விழுந்தெழும்பினார்கள். அதனால் எங்கள் வகுப்பில் போன் பிடிக்கிறவருக்குப் பக்கத்தில் தோளைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார், வாங்கு கதிரைகளை முதலே ஒதுக்கிவிடுவோம்.

என்னிடம் இப்போது இதயம், கண், சூரியத் தொகுதி என்று மூன்று பாடங்கள் தமிழில் இருக்கின்றன, காதை முடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வலயங்களில் எந்தப் பாடசாலை கேட்டாலும் சனிக்கிழமையில் அட்டைகளோடு வருகிறேன், போக்குவரத்துச் செலவு கூட வேண்டாம். வகுப்பறைத் தரை மினுக்குச் சீமெந்து என்றால் ஒரு பாய் மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மூதூர்ப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியை